சிறுத்தைப்புள்ளித் துணியும் மூவார் ரோக் அங்கிள்களும்

துணிக்கடையில் நிற்கிறவர்களுக்கு முதலில் வயதாவது கால்களுக்கு, மற்றதெல்லாம் அப்புறம்தான். இதைப் படிக்கும்போதே ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டீர்கள் என்றால் நீங்களும் நம் ஆள். ரோலை இறக்கி, விரித்து, தடவிக் காட்டி, 'சும்மா பாத்தேன்மா' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு மறுபடியும் சுருட்டி வைக்கிற வேலை எப்படிப்பட்டது என்று நாற்காலி உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நான் ஜொகூரில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அப்பா செம்பனை எண்ணெய் ஆலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், படித்தது வரலாறு. ஜொகூர் பாருவில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்திலெல்லாம் 'கூப்பிடுறோம்' என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. சும்மா இருந்தால் கவலை அதிகமாகிறது என்று கடையில் சேர்ந்தேன். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாறு அங்கே கழிவறைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருந்தது.

பின்பக்கத்து ராக்கு

எங்கள் கடையில் முன்பக்கம் சேலை, நடுவில் மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடைக்கான துணி. எல்லாம் தாண்டிப் பின்னால் ஒரு ராக்கு. அதில் சிறுத்தைப்புள்ளி லைக்ரா, வரிக்குதிரைக் கோடு போட்ட சாட்டின், வெள்ளி மினுக்கல், போலித் தோல், கறுப்பு வலை, செயற்கை ரோமம். யாரோ கடையை மூடும்போது மொத்தமாகத் தள்ளிவிட்ட சரக்கு. 'மலிவா கெடைச்சுதுன்னு எடுத்தேன்' என்பார் முதலாளியம்மா. இந்த வாக்கியத்தை எந்த வியாபாரியும் மகிழ்ச்சியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலாளியம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'டிகிரி' என்பார். அது கேலியா பெருமையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் அப்போது தற்காலிக ஆள். அப்பாவோ மகள் கடையில் 'மேனேஜர்' என்று ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால், என்னை நிரந்தரமாக்குவீர்களா என்று ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக் கேட்டுவிட்டேன். முதலாளியம்மா பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீபாவளிக்கு அந்த எடத்துல பிள்ளைங்க உடுப்பு போடணும் டிகிரி. அதுக்குள்ள அந்த ராக்க காலி பண்ணு, நீ நிரந்தரம். இல்லன்னா ராக்கும் போவும், ராக்குக்கு நிக்கிற ஆளும் போவும் லா."

ஒரு காலைத் தூக்கியவர்

ஒரு சனிக்கிழமை, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மனைவியைச் சேலைப் பக்கம் விட்டுவிட்டுக் கழிவறையைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது ராக்கின் முன்னால் நின்றுவிட்டார். கோவிலில் வேண்டிக்கொள்கிறவர் மாதிரி நின்றார். பிறகு சிறுத்தைப்புள்ளித் துணியின் நுனியை இழுத்துத் தொடையின் மேல் வைத்து, ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். எனக்குப் பதற்றம். "சோபாவுக்கா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும், கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

அவர்தான் சேவியர் அங்கிள். பக்கத்து ஊரான மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தளவாட ஆலையில் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுகிறவர். இளவயதில் நான்கு பேர் கொண்ட ரோக் குழுவில் பாடகர். அவரவர் கல்யாணம், அவரவர் வேலை என்று பிரிந்த குழு இப்போது தேவாலய மண்டபத்தின் கூரை நிதிக்காக நடக்கும் விருந்தில் ஒரே ஒரு மாலை மறுபடியும் சேர்ந்து பாடப் போகிறதாம். குழுவின் பெயர் என்ன என்று கேட்டேன். அதில் நால்வருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை என்றார்.

அவர்கள் பாடுவது கிளாம் மெட்டல். அமெரிக்காவில் இரவு விடுதிகளில் தொடங்கியது என்று விளக்கினார். கித்தார் லோரி மாதிரி உறுமும். ஆனால் பல்லவி வந்தால் குழந்தைகூடச் சேர்ந்து பாடலாம். பாடுகிறவர்கள் ஆண்கள், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், ஸ்பிரே அடித்துத் தூக்கி நிறுத்திய கூந்தல், காலோடு ஒட்டிய சிலுவார், அதாவது கால்சட்டை. அதன் காற்று இங்கே அடித்தபோது மலாய்க்காரப் பையன்களும் அப்படிப் பாடினார்கள். அதற்கு 'ரோக் காப்பாக்', அதாவது கோடரி ரோக் என்று பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாதாரண சிலுவார் போட்டுக்கொண்டு பாடினால் ஆகாதா என்று கேட்டேன். அங்கிள் காலை முக்காலியிலிருந்து இறக்கினார். "பாப்பா, அந்தப் பாட்டுல பாதிதான் தொண்டையில இருந்து வரும். மீதி சிலுவார்ல இருந்து வரும்."

கட்டம் போட்ட எதிரி

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கைப்பேசியில் கிளாம் மெட்டலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தேர்வுக்குப் படிக்கிற மாதிரிதான் எனக்குப் படிக்கத் தெரியும். ராக்கை விற்க வேண்டுமென்றால் ராக்கில் இருப்பதை யார் உடுத்துவார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா. ஹெட்போனில் இரண்டு பாட்டும் கேட்டேன். முதல் பாட்டில் பயந்தேன். இரண்டாவதில் பல்லவி வந்தபோது என் கை தானாக மேசையைத் தட்டியது. உடனே நிறுத்திவிட்டேன், முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சேவியர் அங்கிள் தன் டிரம்மரை அழைத்து வந்தார். பெயர் ஹோக் செங், டயர்க் கடைக்காரர், மலாய்தான் பேசுவார், ஆனால் தமிழில் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், 'ரோக் பாடகர்கள் இதையும் போடுவார்களாமே' என்று கட்டம் போட்ட ஃபிளானல் துணியையும் எடுத்து வந்து விரித்தேன். இருவரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்காமல் விட்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழை ஓயாத ஏதோ ஒரு குளிர் ஊரிலிருந்து வேறு பையன்கள் வந்தார்களாம். சீவாத தலை, கசங்கிய கட்டம் போட்ட சட்டை, சோகப் பாட்டு. அவ்வளவுதான், மினுமினுத்தவர்களை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சேவியர் அங்கிள் அந்த ஃபிளானலைச் சூடு பார்க்கிற மாதிரி ஒரு விரலால் தொட்டார். "எங்க பொழப்பக் கெடுத்தது இந்தத் துணிதான் பாப்பா. மடிச்சு உள்ள வை, ஹோக் செங் பாத்துட்டான், இனி ராத்திரி தூங்க மாட்டான்."

கட்டொழுங்கு ஆசிரியரின் கூந்தல்

ராக்கு மெல்ல அசையத் தொடங்கியது. நம் நாட்டில் ஆண்டு விருந்து என்று ஒன்று உண்டு. ஒவ்வோர் அலுவலகமும் ஒரு கருப்பொருள் வைத்து எல்லாரையும் வேடம் போடச் சொல்லும். அந்த ஆண்டு பக்கத்துப் பள்ளி ஒன்றில் 'எண்பதுகளின் ரோக்' என்று வைத்துவிட்டார்கள். ஆசிரியைகள் கூட்டமாக வந்து கறுப்பு வலையையும் போலித் தோலையும் வாங்கிப் போனார்கள். கடைசியாக, மற்றவர்கள் எல்லாம் போன பிறகு, ஓர் ஆசிரியர் தனியாக வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என் தம்பி படித்த பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர். காலைக் கூட்டத்தில் பையன்களின் பின்கழுத்தில் அடிக்கோல் வைத்து முடியளவு பார்க்கிறவர். என் தம்பி அவரைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

செயற்கை ரோமத்தில் விக் தைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் வெயிலில் அரிக்கும் என்று உண்மையைச் சொன்னேன். பரவாயில்லை என்றார். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் தமக்கும் தோள் வரை முடி இருந்ததாம். நீளமுடிப் பாடகர்களைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று அப்போது ஒரு கட்டுப்பாடு வந்ததாம். ஊரறிந்த பாடகர்களே முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றார்களாம். அதைப் பார்த்து இவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு வேலை உத்தரவு வந்ததும் தாமே போய் வெட்டிக்கொண்டார். ரோமத்தை அவர் தோளில் வைத்து அளந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே அடங்கிய குரலில் சொன்னார்: "தோளோட நின்னா எப்படிம்மா, முதுகு வரைக்கும் வரணும். பையனுங்க யாருக்கும் தெரிய வேணாம்."

உட்கார முடியாத சிலுவார்

ஹோக் செங் ராக்கிலிருந்த வெள்ளி மினுக்கல் லைக்ராவை வாங்கிப் போயிருந்தார். துணியை வெட்டும்போதே சொன்னேன்: இது அகலவாட்டில்தான் இழுபடும், நீளவாட்டில் இழுபடாது, இழுபடுகிற பக்கம் இடுப்பைச் சுற்றி வரும்படி வெட்டச் சொல்லுங்கள் என்று. இரண்டு முறை சொன்னேன். கவலைப்படுகிறவர்கள் எதையும் இரண்டு முறை சொல்வோம். அவரோ காலமெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் துணியை மிச்சம் பிடிக்கிற நல்ல மனத்தோடு திருப்பிப் போட்டு வெட்டிவிட்டார்.

அடுத்த வாரம் ஹோக் செங் கடைக்குள் வந்தபோது விறைப்பாக, திருமண ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவர் மாதிரி வந்தார். மேலே நீளச் சட்டை, கீழே வெள்ளி மின்னல். முக்காலியைக் காட்டினேன். "டாக் போலே டூடோக்," என்றார் பரிதாபமாக. உட்கார முடியாதாம். நின்றால் அழகு, நடந்தால் பரவாயில்லை, முழங்காலை மடக்கினால் ஆபத்து. காரை எப்படி ஓட்டி வந்தார் என்று கேட்டேன். சேவியர் அங்கிள்தான் ஓட்டினாராம். ஹோக் செங் பின்னிருக்கையில் குறுக்கே படுத்துக்கொண்டு வந்தாராம். மறுபடி துணி வெட்டி, இந்த முறை சாக்கட்டியால் பெரிய அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் சேவியர் அங்கிள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "நாலு பேர்ல ஒக்காந்து வேலை செய்யிற ஒரே ஆளு நீதான்டா. கடவுள் ஒன்னயத்தான் பாத்து வச்சிருக்காரு."

உள்ளே ஓடும் வரிக்குதிரை

ஒரு மலாய்க்கார ஜோடி கல்யாணத் துணி எடுக்க வந்தார்கள். கூடவே பெண்ணின் அம்மா. பாலேட்டு நிறத்தில் மாப்பிள்ளைக்குப் பாஜு மெலாயுத் துணி, அதே நிறத்தில் பெண்ணுக்கு. அம்மா சரிகைப் பக்கம் நகர்ந்ததும் மாப்பிள்ளை என்னை நோக்கிக் குனிந்து, வரிக்குதிரைக் கோட்டு சாட்டினைத் தன் சட்டைக்கு உள்துணியாகப் போட முடியுமா என்று கேட்டார். வங்கியில் வேலை செய்கிறவர். அழுத்தி வாரிய தலை. அவரைப் பார்த்தால் வட்டி விகிதம் மட்டும்தான் தெரிந்தவர் மாதிரி இருக்கும்.

இந்த முரட்டுக் குழுக்களின் கேசட்டில் எல்லாம் மெதுவான பாட்டு ஒன்று கட்டாயம் இருக்குமாம். அதுவரை கத்தியவர் திடீரென்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அழுகிற குரலில் பாடுவார். அப்பாவின் பழைய கேசட்டில் இருந்த அப்படி ஒரு பாட்டைப் பாடித்தான் இவர் பெண்ணிடம் சம்மதம் கேட்டாராம். 'நல்லாப் பாடினாரா அக்கா?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று நான் கேட்பதற்குள் அம்மா திரும்பி வருவது தெரிந்தது. பெண் உள்துணியைச் சட்டென்று பாலேட்டு நிறத்துக்கு அடியில் தள்ளிவிட்டு என்னைத் தங்கையாக்கி மலாயில் சொன்னது இதுதான்: "வெளிப்பக்கம் அம்மாவுக்கு, உள்பக்கம் அவருக்கு. ரெண்டு பேரையும் நான்தானே சமாளிக்கணும் அடேக்."

அம்மாவைவிட வயதான பாட்டு

ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தாயாரோடு தீபாவளித் துணிக்கு வந்தாள். தாயார் சுடிதார்த் துணியைப் பார்க்க, மகள் வெள்ளி மினுக்கலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பேசியில் இந்தப் பாட்டுகளைக் கண்டுபிடித்தாளாம். உன் அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டாயிற்றே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. வரலாற்று நூல்களில் ஆண்டு இருக்கும், ஆசை இருக்காது. அவள் மினுக்கலை விடாமலே சொன்னாள்: "இப்ப வர்ற பாட்டெல்லாம் என்னோட சோகத்த எங்கிட்டயே திருப்பிச் சொல்லுதுக்கா. இவங்க மட்டும்தான் சோகமா இருந்தாலும் மேக்கப் போட்டுட்டு வர்றாங்க."

ஈரக் கைக்குட்டை

இப்படியாக ராக்கு இளைத்துக்கொண்டே வந்தது. தீபாவளி நெருங்கியபோது அதில் மிஞ்சியது சிறுத்தைப்புள்ளி ரோல் ஒன்றுதான். அது ஒன்று போதும், என்னை வீட்டுக்கு அனுப்ப. அவ்வளவு பெரிய ரோல். அன்று சேவியர் அங்கிள் வந்து, தமக்கும் இரண்டு கித்தார்காரர்களுக்கும் சிலுவார், மேடைக்குத் திரை, விருந்து மேசைகளுக்கு விரிப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். முழு ரோலும் வேண்டும் என்றார். காசு மேசையிலிருந்த முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பேன். ராக்கிலிருந்து போன மற்றதெல்லாம் அந்தச் சோதனையில் தேறியிருந்தது. சிறுத்தைப்புள்ளியை அதுவரை யாரும் வெட்டச் சொல்லாததால் தேய்த்ததில்லை. இப்போது தேய்த்தேன். கைக்குட்டையில் பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் வந்து உட்கார்ந்தன, வீட்டுக்கு வந்த உறவினர் மாதிரி.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினால் நான் நிரந்தரம். அப்பாவுக்கு அன்றே போன் செய்து சொல்லலாம். கையிலெடுத்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். அப்புறம், "அங்கிள், இது சாயம் போகும்," என்றேன். "மேடையில வேர்த்தா கால்ல ஒட்டும். தொவைக்கவும் முடியாது." கைக்குட்டையையும் காட்டினேன். காசு மேசைப் பக்கம் நான் பார்க்கவில்லை. அங்கிள் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர்கள் காலத்தில் வேர்வையில் கண்மை கரைந்து கழுத்துவரை வருமாம். வராவிட்டால் அன்றைக்குச் சரியாகப் பாடவில்லை என்று அர்த்தமாம். "வெட்டுங்க மேடம்" என்றார், என்னைப் பாப்பா என்று அழைப்பதை மறந்து. வீட்டில் ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். "அவகிட்ட கேட்டா கச்சேரியும் நடக்காது, கூரையும் ஒழுகிட்டேதான் இருக்கும். நீ வெட்டு."

மூவார் மண்டபத்தில் அப்பா

ராக்கு காலி. ஆனால் முதலாளியம்மா ஒரு சட்டம் சொன்னார்: தங்காக்கில் விற்றது என்றால் திரும்பி வராதது. விருந்து முடிந்து துணி கடைக்குத் திரும்பி வரவில்லை என்றால்தான் விற்ற கணக்கு. அதனால், சேவியர் அங்கிள் கொடுத்த இரண்டு நுழைவுச் சீட்டோடு அப்பாவை அழைத்துக்கொண்டு மூவாருக்குப் போனபோது, நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை. சிலுவாரைப் பார்க்கப் போனேன்.

மண்டபத்தில் மேசைக்கு மேசை சிறுத்தைப்புள்ளி. பாதிரியார் மைக்கைப் பிடித்து, 'கூரைக்காகத்தான் பாடுகிறார்கள், தயவுசெய்து இருக்கிற கூரையைப் பறக்கவிடாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டார். நால்வரும் மேடையேறியதும் சிரிப்பு எழுந்தது. மூவருக்குத் தொப்பைக்குக் கீழே சிறுத்தை, ஹோக் செங்குக்கு வெள்ளி, தலையில் முடிக்குப் பதில் துண்டு. ஹோக் செங் மெதுவாகக் குனிந்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் உட்கார்ந்துவிட்டார். முதல் பாட்டு முடிவதற்குள் சிரிப்பு நின்றது. இரண்டாவது பாட்டின் பல்லவிக்கு மேசை மேசையாக எழுந்தார்கள். ஆன்ட்டிகள், கல்லூரிப் பிள்ளைகள், ஹோக் செங்கின் டயர்க் கடை ஆட்கள். அந்த உச்சக் குரல் வருமோ வராதோ என்று எல்லாரும் பார்த்திருக்க, சேவியர் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை ஒலிபெருக்கியின் மேல் தூக்கி வைத்தார். வந்தது. கொஞ்சம் கிழிந்து வந்தது, ஆனால் வந்தது. அவருடைய வெள்ளைக் காலணியில் பழுப்பு நிறம் இறங்கிக்கொண்டிருந்ததை அந்த மண்டபத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா கோவிலுக்குப் போடுகிற சட்டையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியில் அவரும் எழுந்து நின்றார். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். காரில் திரும்பினோம். வழியில் புக்கிட் கம்பீர் ஊரைத் தாண்டிய பிறகு சொன்னார்: "பாட்டு எனக்கு ஒண்ணும் புரியலமா. ஆனா அந்த மனுசன் வாலிபத்துல எப்படி இருந்திருப்பாருன்னு தெரிஞ்சுபோச்சு."

படுக்கை விரிப்பு

அடுத்த புதன்கிழமை காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சேவியர் அங்கிளின் மனைவி ரோஸி ஆன்ட்டி வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. என்னைப் பார்க்காமல் நேராகக் காசு மேசைக்குப் போனார். பையிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து உதறினார். அங்கிள் களைப்பில் சிலுவாரோடு படுத்துவிட்டிருக்கிறார். இரண்டு கால்களும் எங்கெங்கே கிடந்தன என்பது விரிப்பில் புள்ளி புள்ளியாக, ஐயத்துக்கு இடமில்லாமல் பதிந்திருந்தது.

"இத வித்தது யாரு?" என்று கேட்டார். முதலாளியம்மா கையை நீட்டுவதற்குள் நானே போய் நின்றேன். "நான்தான் ஆன்ட்டி. சாயம் போகும்னு அங்கிள்கிட்ட சொன்னேன். தேச்சும் காட்டினேன்." ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னியா? எங்கிட்ட, 'கடக்காரிக்கே தெரியாது, பாவம் சின்னப் பிள்ளை'ன்னு கத விட்டாரே அந்த மனுசன்." கோபம் அங்கேயே திசை திரும்பிவிட்டது. அங்கிளின் கால்களில் புள்ளி இன்னும் போகவில்லையாம். ஆலையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சிலுவாரை மடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். அதற்குள் பத்து பஹாட் என்ற ஊரிலிருந்து வேறொரு மண்டபத்தார் இந்தக் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அதனால் ஆன்ட்டி இப்போது வந்தது சண்டைக்கு அல்ல. இனி எது ஒட்டினாலும் தெரியாத கரும்பழுப்பில் விரிப்புத் துணி வாங்க. நல்ல துணியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். ஈரக் கைக்குட்டையால் அவரே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அவர் போன பிறகு முதலாளியம்மா காலியான ராக்கைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லியுமா வாங்கினான்?" என்றார். ஆமாம் என்றேன். "பழுத மறைச்சு விக்கிற ஆளுங்கள நெறைய பாத்துட்டேன். பழுதச் சொல்லி, ரோலையே வித்தவள இப்பதான் பாக்குறேன்." நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, நம் தொழிலில் அது வழக்கமில்லை. கடைசியில் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "நீ நிரந்தரம் டிகிரி, வீட்டுக்குச் சொல்லிடு. ஆனா சேலைப் பக்கம் மட்டும் வந்துடாத. அங்க நீ வாயத் தொறந்தா நான் கடைய மூடணும்."

வரலாறு படித்தவளாக நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: ஓர் இசை செத்துவிட்டதா இல்லையா என்று பாட்டுக் கடையில் விசாரிக்கக் கூடாது, துணிக்கடையில் விசாரிக்க வேண்டும்.